வாய்க்கால் தண்ணீரும் கம்பெனி பஸ்ஸும்

சிக்கதாயிக்கு நாற்பது வயது தாண்டிய பிறகுதான் முதல் வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் வயலில் குனிந்து செய்ததையெல்லாம் எங்கள் மண்டியாப் பக்கத்தில் யாரும் வேலை என்று சொல்வதில்லை.

பெரிய சாலையில் தையல் கம்பெனி வந்தபோது, வயது கூடுதல் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். "எங்க ஊர்ப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வரேம்மா. அப்ப என்னையும் எடுத்துக்குவீங்களா?" ஆள் எடுக்கும் அம்மா யோசித்துவிட்டு, "பஸ் நிறைய ஆள் இருந்தா ஊருக்குள்ளேயே பஸ் அனுப்புறோம். குறைஞ்சா நிறுத்திடுவோம்" என்றார்.

பஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. எங்கள் ஊர் மாளகட்டெயிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழி முழுக்க ஆளை மறைக்கும் கரும்பு. அந்த வழியில் இருட்டின பிறகு மருமகளை நடக்கவிடும் மாமியார் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டு நிங்கம்மா தன் மருமகள் ரூபாவை அனுப்பச் சம்மதித்ததே, பஸ் பால் டெய்ரி முன்னால் வந்து நிற்கிறது என்பதால்தான்.

அணையில் தண்ணீர் இல்லாத இரண்டு வருஷமும் பஸ் நிரம்பி வழிந்தது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. பெண்கள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆண்கள் டெய்ரி திண்டில் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

மூன்றாவது வருஷம் ஆடி முடிவில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் சேர்ந்தாற்போல் சில நாள்தான் விடுவார்கள், பிறகு விட்டு விட்டுத்தான்; அந்தச் சில நாளுக்குள் நட்டாக வேண்டும். எங்கள் ஊரில் நடவுக்குக் கூலி ஆள் கிடையாது. முய்யிதான். இன்று நான் உன் வயலில் நட்டால் நாளை நீ என் வயலில் நட வேண்டும். பணத்தை நீட்டினால் முகத்தில் துப்பியது மாதிரி.

சிக்கதாயி வீடு வீடாகப் போனாள். "பாதிப் பேர் பஸ்ஸுக்கு, பாதிப் பேர் வயலுக்கு. அடுத்த நாள் மாத்திக்கலாம். பஸ் மட்டும் காலியாப் போகக் கூடாது."

"சரிக்கா" என்றார்கள் எல்லோரும்.

முதல் நாள் நிங்கம்மா வயல். சிக்கதாயி பஸ் முறையில்தான் இருந்தாள். ஆனால் போன நடவில் நிங்கம்மா காய்ச்சலோடு வந்து அவள் வயலில் நட்டவள். 'நான் ஒருத்தி போகாவிட்டால் பஸ்ஸா நின்றுவிடும்?' என்று நினைத்துக்கொண்டு முந்தானையைச் செருகிச் சேற்றில் இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தால் வரப்பு முழுக்க ஆள். பஸ் முறைக்காரிகள் அத்தனை பேரும் நாற்றுக்கட்டோடு நிற்கிறார்கள்.

"ஏண்டி, நீ பஸ்ஸுக்குல்ல?"

"நீங்க மட்டும் என்னக்கா, சேத்துல தையல் போடவா வந்தீங்க?"

வயலே சிரித்தது. சிக்கதாயியும் சிரித்தாள். டெய்ரிப் பக்கம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டிரைவர் மாதேஷா வரப்பு மேல் வந்து நின்றான்.

"அக்கா, காலி பஸ்ஸை ஓட்டிட்டுப் போய் நான் என்ன சொல்றது?"

"பொண்ணுங்களுக்கெல்லாம் காய்ச்சல்னு சொல்லுப்பா."

"ஊரு மொத்தத்துக்குமா?"

மறுநாள் வேறொருத்தி வயல், அதற்கு மறுநாள் இன்னொருத்தி வயல். கை வாங்கிவிட்டுக் கை கொடுக்காமல் பஸ் ஏற யாருக்கும் முகம் இல்லை. நடவு முடிந்த பிறகு குளித்து, பூ வைத்து, டெய்ரி முன்னால் போய் நின்றார்கள். பஸ் வரவில்லை.

சிக்கதாயி நடந்தே கம்பெனிக்குப் போனாள். ஆள் எடுக்கும் அம்மா கோபப்படவில்லை.

"பஸ்ஸை மேட்டுப்பக்க ஊருக்கு மாத்தியாச்சும்மா."

"இனிமே ஒரு நாளும் தப்பாதுங்க."

"உங்க ஊர்ல வாய்க்கா இருக்கே. அவங்களுக்கு அது கிடையாது, வருஷம் பூரா வருவாங்க. உங்க பக்கம் மறுபடி தண்ணி வராமப் போனா வா, பார்க்கலாம்."

நெல் நன்றாகவே விளைந்தது. பங்கு பிரிந்த துண்டு வயல்கள்தானே, களத்திலிருந்து வீட்டுக்கு வந்தது பங்குனிக்கு மேல் தாங்கவில்லை. ரூபா மாடு மேய்த்தாள். சிக்கதாயி பெரிய சாலைவரை நடந்து, அங்கே டவுன் பஸ் பிடித்துக் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தாள். ஆள் கூட்டி வராத கிழவி எதற்கு என்று மேற்பார்வையாளன் காது படவே சொன்னான். அதோடு நின்றுவிட்டாள்.

அடுத்த வருஷம் அணை பாதிகூட நிரம்பவில்லை. பச்சைத் துண்டு போட்ட விவசாயச் சங்க ஆட்கள் தண்ணீர் கேட்டுச் சாலை மறிக்கக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் காலிக் குடத்தோடு எப்போதும் முன்னால் நடப்பவள் சிக்கதாயிதான். நிங்கம்மா குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்பலையா இன்னும்?"

சிக்கதாயி கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "முட்டி வலிக்குது."

"சாலையில உட்காரத்தானேடி போறோம்! தண்ணி வேண்டாமா உனக்கு?"

சிக்கதாயியின் கண் பஸ் நின்ற டெய்ரிப் பக்கம் போய்த் திரும்பியது. களிக்கோல் மட்டும் பானையில் சுற்றிக்கொண்டிருந்தது. நிங்கம்மா பக்கத்து வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ரூபா, நீயாவது வாடி."

ரூபா மாமியாரைப் பார்த்தாள், சிக்கதாயியைப் பார்த்தாள். படியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

நிங்கம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு தனியாக நடந்தாள்.