மாட்டுக்கொட்டகையில் ஒரு ஹெலிகாப்டர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏ.சி. மெக்கானிக் மஹீன் ஏறாத மொட்டை மாடி குறைவு. கத்திரி வெயில் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருப்பான். ஆனி பிறந்து இரண்டு மழை விழுந்ததும் போன் அடங்கும். அப்போதுதான் அவனுடைய கார் வளரத் தொடங்கும். மானாவாரிப் பயிர் மாதிரி, மழையை நம்பி வளர்ந்த கார் அது.

உடம்பு பழைய ஃபியட். சேலையூரில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் வேப்பம்பூ மூடிக் கிடந்ததை, ஏ.சி. மாட்டிய கூலிக்குப் பதிலாகக் கட்டி இழுத்து வந்தான். இன்ஜின் ஜப்பான்காரனுடையது. கன்டெய்னரில் வந்து இறங்கிய பழைய இன்ஜின்களுக்கு நடுவே யாரும் சீந்தாமல் கிடந்தது. மற்ற இன்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும். இதில் பிஸ்டனே கிடையாது. வயிறு உப்பிய முக்கோணம் ஒன்று கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஏ.சி. கம்ப்ரஸரைப் பிரித்துப் பிரித்துப் பழகியவனுக்கு அதைப் பார்த்ததும் தூரத்துச் சொந்தத்தைக் கல்யாண வீட்டில் கண்டுபிடித்த சந்தோஷம்.

அஸ்தினாபுரத்தில் கேட், கிரில் அடிக்கும் நண்பன் உதயா இரும்புக் குழாய்களை வளைத்து, வண்டி உருண்டாலும் ஆளைக் காப்பாற்றும் கூண்டு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். கழித்துப்போட்ட ஏ.சி. தகடுகள் கதவுகளுக்குள் போயின. ஆவணியில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் பயிற்சி ஓட்டத்துக்கு இடமும் பிடித்தாகிவிட்டது.

எல்லாம் சரி, சத்தம்தான் தகராறு. முக்கோண இன்ஜின் சும்மா நின்றாலே தடதடவென்று அடிக்கும். கார் இருந்ததோ பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் பழைய மாட்டுக்கொட்டகையில். நிலத்தை மனைகளாக விற்றுவிட்டு வாடகைப் பணத்தில் வாழ்கிற மனிதர்; கொட்டகையையும் ஏ.சி. சாமான் வைக்க மஹீனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தெருமுனையில் வந்த மாவு மில்லைச் சத்தம் தாங்கவில்லை என்று கிளப்பி அனுப்பியவர். அவரிடம் போய் அனுமதி கேட்க மஹீனுக்கு நாக்கு எழவில்லை. வேறு வழி கண்டுபிடித்தான்.

தாம்பரம் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரம். காலையில் பயிற்சி ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேலே போகும். அவன் மனைவி சித்திகா மாடியில் துணி காயவைத்தபடி மாடம்பாக்கம் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். "வருது, வருது!" என்றால் சாவியைத் திருப்புவான். "போயிடுச்சுங்க!" என்றால் அணைப்பான். ஆனி முழுக்க இப்படித்தான் போனது. பிறகு ஒரு நாள் இன்ஜின் கிளம்பவே மாட்டேன் என்றது.

உதயா இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவன் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மோந்து பாரு மச்சான். பெட்ரோல்ல குளிச்சிருக்கு. என்னதான் பண்ணுன?"

"ஹெலிகாப்டர் வரப்ப ஸ்டார்ட் பண்ணுவேன். போனதும் நிறுத்திடுவேன்."

விவரம் முழுக்கக் கேட்டு முடித்தபோது உதயா டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அடங்க நேரமானது. "டேய், இது இன்னா கக்கூஸ் லைட்டா, போட்டுப் போட்டு அணைக்க? சூடாவறதுக்குள்ள நிறுத்துனா பெட்ரோல் உள்ளயே நின்னு ஆயிலக் கழுவி வுட்டுடும். முக்கோணத்தோட மூணு முனையிலயும் புது சீல் போட்டிருக்கோம். அது செவுத்துல ஒரசி ஒரசி உக்காரணும். ஒரு நாள் பூரா நிறுத்தாம ஓடணும். இன்னும் நாலு தபா இப்டிப் பண்ண, ஆவணிக்குத் தள்ளிக்கினுதான் போவணும்."

மஹீன் பிளக்கை வாங்கித் துணியால் துடைத்தான். அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று செய்ததுதான் இன்ஜினைக் கொன்றுகொண்டிருக்கிறது. நாள் முழுக்க ஓட ஹெலிகாப்டருக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்து வாசலில் முனிரத்தினத்தின் குரல். மஹீன் தார்ப்பாயை இழுத்து காரை மூடினான்.

"இன்னா பாய், கீறியா? இந்த ஏர்ஃபோர்ஸ்காரன் பேஜாரு தாங்கலப்பா. முன்னல்லாம் மேல போய்க்கினு இருந்தான். இப்ப நம்ம வூட்டுக்குப் பின்னாலயே எறக்கறான். கொட்டாய்க் கூரையே அதுருது. ஞாயித்துக்கெயம நாலு பேரு போயி அவன் கேட்டாண்ட பேசிடலாம்னு கீறோம். நீயும் வந்துரு. மிஷினு தெரிஞ்சவன், நீ பேசுனாதான் எடுபடும்."

மஹீனின் தலை தானாக ஆடியது. உதயா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ராத்திரி சோறு போடும்போது சித்திகா கேட்டாள்: "அப்ப பொய் சாட்சி சொல்லப் போறீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். தெருவை ஏமாத்தி ஓட்டுற கார்ல எனக்கு சீட்டே வேணாம்."

"அதுல இருக்கிறதே ஒரே சீட்டுதான்."

"அதுவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். கூட நாலைந்து பேர். மஹீன் அவர்களை விமானப்படை கேட் பக்கம் விடாமல் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். தார்ப்பாயை உருவினான். புது பிளக் மாட்டியிருந்தான். சாவியைத் திருப்பியதும் இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தடதடவென்று கூரை ஆடியது. மாடியில் இருந்து சித்திகா எதுவும் கத்தவில்லை. வானத்தில் ஒன்றும் இல்லை.

முனிரத்தினம் மேலே பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு மஹீனைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாண்ணா. மன்னிச்சிடுங்க. ஹெலிகாப்டர் போறப்ப போட்டா உங்களுக்குத் தெரியாதுன்னு..."

"ஏம்பா, வெள்ள சட்ட போட்டுக்கினு, நாலு பேர இட்டுக்கினு, அவன் கேட்டாண்ட போயி நான் இன்னான்னு சொல்லியிருப்பேன்? உன் ஹெலிகாப்டரு எங்க மாட்டுக்கொட்டாய்ல கீதுன்னா? மாவு மில்லுக்காரன்கூட சொல்லிட்டுத்தான்டா ஓட்டுனான்!"

பின்னால் அவர் மனைவி கங்கையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்து நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் கோபத்தை இழுத்துப்பிடிக்க முனிரத்தினத்தால் முடியவில்லை. அந்தத் தெம்பில் மஹீன் மீதியையும் சொல்லிவிட்டான்: இது ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும், இல்லாவிட்டால் வீண்.

முனிரத்தினம் தாடையைச் சொறிந்தார். "ஆடியாச்சே. வர ஞாயித்துக்கெயம அம்மனுக்குக் கூழு ஊத்தறோம். விடிகாலைல கட்டுற ஸ்பீக்கரு ராவுலதான் எறங்கும். அன்னிக்கி நீ ராக்கெட்டே வுட்டாலும் எவனுக்கும் கேக்காது. வெச்சிக்கோ."

அடுத்த ஞாயிறு விடியலில் அம்மன் பாட்டும் இன்ஜினும் ஒன்றாகத் தொடங்கின. ரேடியேட்டர் ஃபேன் வாங்க இன்னும் முடியவில்லை. சித்திகா படுக்கையறை பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிவந்து காருக்கு முன்னால் வைத்தாள். உதயா பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தான். மஹீன் சூடு காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் நடுவில் நின்றது.

உச்சிவேளையில் கரண்ட் போனது.

பாட்டு பாதி வரியில் அறுந்தது. தெரு முழுக்க இன்ஜின் ஒன்றுதான் தடதடத்தது. ஃபேன் இறக்கை மெல்லச் சுற்றி நின்றது. முள் நகரத் தொடங்கியது. மஹீனின் கை சாவிக்குப் போனது.

"கைய எடு!" கூழ்க் கரண்டியோடு முனிரத்தினம் ஓடிவந்தார். "நிறுத்துனா வீணாப்பூடும்னு நீதான சொன்ன?"

"ஃபேன் நின்னுடுச்சுண்ணா. சூடு ஏறுது. தண்ணி அடிச்சாத்தான்..."

அவன் முடிக்கவில்லை. கங்கையம்மாள் கோயில் அண்டாவில் இருந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். வேப்பிலைக் கொத்தை முக்கி ரேடியேட்டர் மேல் சளீரென்று அடித்தாள். ஆவி குப்பென்று எழுந்தது. அருள் வந்த பெண்ணை ஆற்றுகிற அதே கை, அதே வேகம். கூழுக்கு வரிசையில் நின்றவர்கள் தூக்குச்சட்டியோடு வந்து கொட்டகையைச் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கொத்து. இரண்டு பெண்கள் முறத்தால் விசிறினார்கள்.

"ஜெனரேட்டராய்யா இது? மைக் செட்டுக்கு ஒரு ஒயரு இயு."

"ஆத்தா எறங்க மாட்டேங்குறா, நல்லா அடி கங்கா!"

முள் விளிம்பைத் தொட்டுவிட்டு மெதுவாகப் பின்வாங்கியது. மஹீன் ஒரு கையால் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கூழ் குடித்தான். சின்ன வெங்காயத்தை சித்திகா வாயில் வைத்தாள். கரண்ட் வந்தபோது பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கொட்டகையை விட்டு யாரும் நகரவில்லை.

பொழுது சாயும்போது இன்ஜினை அணைத்தான். தேறியதா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. சீல் சரியாக உட்காராத இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளம்பிவிடும், சூட்டில் கிளம்பாது. டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தான். தெருவே அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் சுற்றியது. வெறுமனே சுற்றியது. உதயா கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, தூக்கத்தில் இருந்து யாரோ தட்டி எழுப்பியதுபோல் உறுமிக்கொண்டு பிடித்தது.

மஹீன் இறங்கினான். வேப்பிலை ஒட்டியிருந்த பானட்டைத் துடைக்காமல் அதன் மேல் கையை வைத்தபடி நின்றான். உள்ளங்கை கூசியது. மாடியைப் பார்த்தான். சித்திகா ஃபேனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் இருங்காட்டுக்கோட்டைக்குத் தானும் வருவதாக முனிரத்தினம் சொல்லிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டை அன்றைக்கு வீணாகப் போனதில் அவருக்கு இன்னும் குறைதான்.

கூழ் ஊற்றிய மறுநாள் காலை மஹீன் ஏ.சி. பையோடு கிளம்பும்போது மாடம்பாக்கம் பக்கமிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. முனிரத்தினம் பல் துலக்கியபடி வெளியே வந்து, முதலில் கொட்டகையைப் பார்த்தார்.

"பாய், இது உன்துதா அவன்துதா?"

"அவனுதுண்ணா."

"அப்ப அவன்கிட்டயும் ஒரு நாள் போய்ப் பேசத்தான் வோணும்" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.