கருவண்டு இல்லாத வளவு

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த எங்களுக்குக் கற்பிட்டிப் பக்கம் ஒரு துண்டுக் காணி கிடைத்தது. முழுக்கப் பற்றை. பாம்புப் பயத்தில் நானும் கணவருமாக ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் வெட்டி எரித்தோம். மூலையில் நின்ற பட்ட மரம்கூட அடுப்புக்குப் போனது. என் வளவில் ஒரு சருகு கிடக்காது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து நான் காப்பாற்றிக் கொண்டுவந்தது, பால்மாத் தகரத்தில் கொஞ்சப் பூசணி விதை. எங்கள் கிணற்றடிப் பூசணி. விதைத்ததில் ஒரேயொரு கொடிதான் தப்பியது. அது காய்க்காவிட்டால் அந்தப் பூசணி என்னோடு சரி.

கொடி வளவு முழுக்க ஓடிப் பூத்தது. பிஞ்சுகளோ மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. பூச்சிக்குக் குறைவில்லை. இலை தின்கிற சிவப்பு வண்டு, எறும்பு, இலையான் எல்லாம் வேண்டிய மட்டும் இருந்தன. ஊரில் விடிந்ததும் பூவுக்குள் இரைந்துகொண்டு கிடக்கும் கருவண்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. புழு பிடிக்கிற குளவியும் இல்லை. நாங்கள் முன்பு இருந்த முகாமும் இப்படித்தான். சனம் நிறைந்திருந்தது, தலைமயிர் வெட்டவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் ஆளில்லை.

ஒரு நாள் காலை, விழுந்த பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து வளவு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரிதான். தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுத் துரத்தியபோது, எங்களுக்கு முன்பே இங்கே வந்தவர்.

"பட்ட மரத்தையும் எரிச்சுப்போட்டு அழுதா சரியே? கருவண்டு அதில ஓட்டை போட்டுத்தான் குடியிருக்கிறது, தங்கச்சி. வீட்டை எரிச்சுப்போட்டு வேலைக்கு வா எண்டா வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஷெல் விழுந்து எரிந்த வீட்டை விட்டு வந்தவள் நான்.

அவரே உள்ளே வந்து ஆண்பூ ஒன்றைப் பிடுங்கி, இதழை உரித்துவிட்டு, பெண்பூவுக்குள் மெதுவாகத் தடவினார். பிறகு தினமும் விடிய எழும்பி நானே வண்டு வேலை பார்த்தேன். வேலியோரம் பற்றையை வளர விட்டோம். கணவர் எங்கேயோ கேட்டு வாங்கி ஓர் உளுத்த மரத்தை இழுத்து வந்து போட்டார். கருவண்டு வரவில்லை. ஆனால் ஒரு காய் நின்று முற்றியது.

வெட்டிய அன்று ராத்தாவைக் கூப்பிட்டேன். ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தார்.

"ஓம், எங்கட ஊர்ப் பூசணிதான். நீங்க விதையாவது கொண்டு வந்தீங்க. எங்களுக்கு அதுக்கும் நேரம் தரேல்ல."

 விதையில் பாதியைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு நட்டாரா என்று கேட்டேன். "இல்லை, தங்கச்சி. ஊருக்குப் போய் எங்கட கிணத்தடியிலதான் நடுவன்," என்றார். அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

வருஷக்கணக்கில் வைத்தால் விதை முளைக்காது. வண்டின் வீடு எதுவென்று தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? நானும் சொல்லவில்லை.