கட்டைவிரல் காட்டிய பக்கம்

பட்டறையில் அவரைக் கட்டைவிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷினில் அதைத் தாங்கும் மேசை எந்தப் பக்கம் சாய வேண்டுமென்றாலும் முதலில் எழுவது அவருடைய கட்டைவிரல். அச்சின் மேல் வரைந்த அம்புக்குறி காட்டும் திசையில் வலது கைக் கட்டைவிரலை நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் பிளஸ், எதிர்ப்பக்கம் மைனஸ். அவ்வளவுதான் சூத்திரம். அதில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரும்கூட.

அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் சொந்தத் தம்பி. அன்றைக்கு மேசை அவர்கள் பக்கமாகச் சாய வேண்டியிருந்தது. அண்ணன் விரலை நீட்டிப் பார்த்து, "பிளஸ் போடுடா" என்றார். தம்பி போட்டான். மேசை எதிர்ப்பக்கம் சாய்ந்து வெட்டும் கருவியில் மோதியது. கருவி முறிந்தது, பல நாள் செதுக்கிய இரும்பும் பாழாயிற்று. தம்பி பாய்ந்துபோய் மின்சாரத்தை நிறுத்த, திரையும் அணைந்து, போட்டது பிளஸா மைனஸா என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று.

அண்ணன் மறுபடி விரலை நீட்டிப் பார்த்தார். பிளஸ் என்றால் நம் பக்கம்தான், சந்தேகமே இல்லை.

"மைனஸ் போட்டிருக்க. கண்ணு எங்கடா இருந்துச்சு உனக்கு?"

முதலாளியிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லாரும் பார்த்து நிற்க, நரம்பில்லாத நாக்கு இன்னும் என்னென்னவோ பேசியது. தம்பி வாயே திறக்கவில்லை. அவன் வேலை போயிற்று. இப்போது வேன் ஓட்டுகிறான். அண்ணன் தம்பிக்குள் பேச்சும் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் பேசாமல் இருந்ததையே தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார் இவர்.

போன வாரம் கல்லூரியில் படிக்கும் மகள் சமையலறையில் புத்தகத்தை விரித்து, ஒரு சக்கரப் படத்தைக் காட்டி, "அப்பா, இது எந்தப் பக்கம் சுத்தும்?" என்று கேட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கட்டைவிரலை நீட்டினார்.

மகள் சிரித்தாள். "டம்ளரைக் கீழ வச்சிட்டு வலது கையை நீட்டுங்கப்பா. இடது கையில பார்த்தா எல்லாம் தலைகீழா வரும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டறையில் அன்றைக்கு விரலை நீட்டியபோது அவருடைய வலது கையில் ஸ்பேனர் இருந்தது. இரண்டு தடவையும் இருந்தது. எத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோம்!

வெட்கத்தை விட்டுத் தம்பிக்குப் போன் செய்தார்.

"அன்னைக்கு நான் இடது கையில பார்த்துட்டேன்டா. தப்பு என் மேலதான்."

"தெரியும்ணா. நீ ரெண்டாவது தடவை விரலை நீட்டினப்பவே பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"அத்தனை பேர் நின்னாங்களே. கட்டைவிரலுக்கு எது வலது கைன்னே தெரியலன்னு உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. தனியா சொல்லிக்கலாம்னு சாயங்காலம் கேட்ல காத்திருந்தேன். நீதான் என் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு பின்வாசல் வழியா போயிட்ட."