ஒச்சம்மா அக்காவின் ஐந்து நட்சத்திரம்

கராச்சர்மா என்னும் தீவு ஊரில் கிருஷ்ணமூர்த்தி சார் தன் வீட்டு மாடியின் மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறார். அங்கே சமைப்பவர் ஒச்சம்மா அக்கா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த கணவரோடு தீவுக்கு வந்தவர். கணவர் இறந்தபின் இந்த வேலைதான். பட்டப்படிப்பு முடித்த நான், நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு, அந்த வீட்டின் முன்பதிவுகளையும் ரிவியூக்களையும் போனில் கவனித்துக்கொள்கிறேன்.

கப்பல் ஏறினால் சிக்னல் போய்விடும். ‘கட்டாயம் எழுதுறோம்’ என்றவர்கள் கரை சேர்ந்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் அக்கா அவர்களோடு கப்பல் துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டி வரை ஆட்டோவில் போவார். கையிலுள்ள புளிசாதப் பொட்டலத்தை உடனே கொடுக்க மாட்டார்.

“ரெண்டு வரி எழுதிப்புட்டு வாங்கிக்கங்க. அப்டியே எம் பேரையும் போட்டுருங்க.”

முன்பிருந்த சமையல்காரியை சார் ஒரே நாளில் நிறுத்தியதை அவர் பார்த்திருக்கிறார். நாலு பேருக்குத் தன் பெயர் தெரிந்துவிட்டால் தன்னை அப்படி அனுப்ப முடியாது என்று நினைத்தார். நினைத்தபடியே ஆயிற்று.

கப்பலேறிப் போகவேண்டிய ஹட் பேயில் இருக்கும் மகள் சுகுணாவுக்கு இது நிறைமாதம். அக்கா ஒரு மாதம் லீவு கேட்டார்.

“உன் பேரப் பாத்துத்தானே புக் பண்றாங்க. சீசன்ல நீ இல்லன்னா வர்றவங்களுக்கு நான் என்ன ஜவாப் சொல்றது?” என்றார் சார்.

“பிள்ள பெறப்போறவளுக்கு நான் என்ன ஜவாப் சொல்றது சார்?”

“அங்க ஆஸ்பத்திரி இருக்குல்ல. சீசன் முடியட்டும். இப்பப் போனா, திரும்பி இங்க வராத. பஸ், அவ்வளவுதான்.”

மறுநாள் கோயம்புத்தூர்த் தம்பதியை வழியனுப்ப நானும் ஜெட்டிக்குப் போனேன். பக்கத்தில் ஹட் பே கப்பலுக்கு வரிசை நின்றது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பொட்டலத்தை முதலிலேயே நீட்டிவிட்டார்.

“எழுதுனா எம் பேரு மட்டும் வேணாம் தாயி. கொழம்புல உப்புக் கரிச்சுச்சுன்னு போடுங்க.”

“உங்க மீன்கொழம்பத் தின்னுபோட்டு அப்படி எழுதுனா அடுக்குமுங்களாக்கா?” என்று அந்தப் பெண் சிரித்தார்.

“நெசமாத்தேன் சொல்றேன்.”

“பாரு, எத்தன கூச்சம் அக்காவுக்கு” என்றார் கணவர்.

அவர்கள் ஏறிய கப்பல் நகர்வதற்குள் ரிவியூ வந்துவிட்டது. அக்கா வாசிக்கச் சொன்னார். ஐந்து நட்சத்திரம். ‘தன் பெயரைக்கூடப் போட வேண்டாம் என்கிறார் ஒச்சம்மா அக்கா, அவ்வளவு அடக்கம். அவருக்காகவே மறுபடி வருவோம்.’

“நாஞ் சும்மா இருந்திருக்கலாம்” என்றார் அக்கா.

அதற்குள் சார் போன் செய்தார். “பாத்தியா? எங்க ஒச்சம்மா எப்பவும் இங்கதான் இருப்பாங்கன்னு பதில் போடு.”

போடாவிட்டால் என்ன செய்வார் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படித்தவன் நான். இதற்கா படித்தேன் என்றும் யோசித்தேன். பிறகு பதிலை அடித்தேன். ‘எப்பவும்’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

ஹட் பே கப்பல் சங்கு ஊதியது.

“என்னய்யா எழுதுன?” என்றார் அக்கா.

சொன்னேன்.

“சரி, ஆட்டோவக் கூப்புடு. மத்தியானம் ஆளு வருது, மீன் வாங்கணும்.”