சுவர்ப் பக்கம் திரும்பிய பெட்டி

எங்கள் கூலி லைன் வீட்டில் மேசை, அலமாரி, சாமி மாடம் எல்லாமே ஒரு தேயிலைப் பெட்டிதான். குன்னூர் பக்கத்து எஸ்டேட்டில் வெள்ளைக்கார துரை இருந்த காலம். ஃபேக்டரியில் மூடி உடைந்ததென்று கழித்துப் போட்டதை அப்பா தலையில் சுமந்து வந்தார். சீமைக்குக் கப்பலேற வேண்டிய பெட்டி, எங்கள் துணிமணியோடு மூலையில் உட்கார்ந்துவிட்டது. சுவருக்கும் விறகுக்கும் நடுவே அதன் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரியும்.

பனி விட்டதும் என்னைக் களை எடுக்க அனுப்பச் சொல்லி மேஸ்திரி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா படிப்புக்கு விரோதி அல்ல. பறித்த கொழுந்து சாயங்காலம் தராசில் தெரிந்துவிடும், படிப்பு எதில் தெரியும் என்பதுதான் அவருடைய சங்கடம்.

“இத்தன நாளாப் போறாளே, என்னத்தப் படிச்சான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

அம்மா பெட்டியின்மேல் இருந்த எழுத்தைக் காட்டினாள். “ஏனுங்க, பனி முடியறதுக்குள்ள இந்த இங்கிலீசப் படிச்சுட்டாள்னா பள்ளிக்கூடம். இல்லாட்டி நானே களைக்கொத்தக் கையில குடுத்துக் கூட்டிட்டுப் போறனுங்க.”

பெற்ற தாயே இப்படிப் பேசுகிறாளே என்று அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. களைக்காட்டில் காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் என்றால் எனக்கு அவ்வளவு பயம். வாத்தியாரை விடாமல் துளைத்தெடுத்து எழுத்தெழுத்தாகக் கற்றேன். பனி கரையும் சமயம் அப்பா இங்கிலீஷ் தெரிந்த கணக்குப்பிள்ளையைக் கூட்டி வந்தார். நான் எஸ்டேட் பெயரையும், அதன் கீழே இருந்த ‘பெக்கோ’ என்ற தேயிலை ரகத்தின் பெயரையும் தடுமாறாமல் படித்தேன்.

கணக்குப்பிள்ளை பெட்டியைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார். “இவ்வளவுதானா எழுத்து?”

“எங்க ஊட்டுப் பெட்டியில அவ்வளவுதானுங்க” என்றாள் அம்மா.

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, “புள்ள நல்லாப் படிக்குதப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கொழுந்து பறிக்கப் புதிதாக வரும் பெண்களுக்கு அம்மா ஒரே ஒரு செடி நிரையைத்தான் காட்டுவாள். மலை முழுவதையும் காட்டினால் மறுநாள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பாள். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. எந்தப் பக்கத்தில் எழுத்து குறைவு என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. பின்னாளில் நான் நர்ஸ் உடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிப் படியேறியது அவள் போட்ட அந்தக் கணக்கால்தான்.

கணக்குப்பிள்ளை வந்துபோன மறுநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெட்டி திரும்பியிருந்தது. பொடிப்பொடியாக ஒரு பக்கம் நிறைய எழுத்து. வீடு பெருக்க நகர்த்தியவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, நல்ல பிள்ளையாக அதைப் பழையபடியே திருப்பி வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது, பொடி எழுத்துப் பக்கம் மறுபடியும் என்னைப் பார்த்திருந்தது. அம்மா ஒன்றுமே தெரியாதவள்போல அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.