கூரை கேட்ட குப்பைக்கூடம்

குப்பை எல்லார் வீட்டிலிருந்தும் போக வேண்டும், யார் வீட்டுப் பக்கமும் வரக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குகிறவருக்கு மேஸ்திரி என்று பெயர். திருப்போரூருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்க் குப்பைக்கூடத்தில் நான்தான் அந்த மேஸ்திரி. பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா என்று பாதித் தூக்கத்தில் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் நீங்களும் என் கட்சி என்று நம்பிச் சொல்கிறேன்.

நனைந்த அட்டை

கூடம் கட்டியபோது ஊர் சின்னது. பிறகு வயலெல்லாம் பிளாட் ஆனது, பிளாட்டெல்லாம் வீடானது, வீடெல்லாம் குப்பை போட்டது. இடம் போதாமல் கூடத்தில் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் வெட்டவெளியில் உட்கார்ந்து குப்பை பிரித்தார்கள். ஐப்பசி மழையில் அட்டைப்பெட்டிகள் கூழாகிவிடும். கூழானதை எந்தப் பழைய பேப்பர்க்காரரும் தொட மாட்டார்.

பக்கத்துப் புறம்போக்கில் கூரை போட்டு விரிவாக்கலாம் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் முடிவெடுத்தார்கள். ஊர் சம்மதிக்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டு, எல்லாவற்றையும் பிரிக்காமலே தூரத்துக் கிடங்கில் கொட்டிவிடுவோம் என்றும் சொன்னார்கள். மூடினால் அத்தனை பெண்களுக்கும் வேலை போச்சு. நான் கவலையோடு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் ஓட்டும் முனுசாமி சொன்னார்: "வானத்தாண்ட மனு குட்த்து இன்னாக்கா ஆவப்போது? ஊராண்ட குடு."

பால் கவர்

அதற்குள் ஊரே ஒரு மனு கொடுத்துவிட்டது. புது நகர்க் குடியிருப்போர் சங்கத் தலைவர் தாமோதரன் சார், நாற்றம் தாங்கவில்லை, விரிவாக்கம் கூடவே கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. காற்று திரும்பினால் அவர் மாடியில் துணி காயப்போட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டம்மா பால் கவர்களைக் கழுவி, காயவைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து தருவார். அவ்வளவு சுத்தமான குப்பை வேறெந்த வீட்டிலிருந்தும் வந்ததில்லை. மனு கொடுத்த வாரமும் வந்தார். எனக்குத்தான் வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அவர் கவர்க் கட்டை என் கையில் திணித்தார்: "கையெழுத்துப் போட்டது அவர். கவர் கழுவுறது நான். அதையும் இதையும் ஏம்மா முடிச்சுப் போடுறே?"

சாமி சுவர்

வீடு மாறினாலும் கண்ணாடி உடைந்தாலும் பழைய சாமி படங்களைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. பைக்குள் போடாமல் பைக்கு மேல் பயபக்தியோடு வைத்துவிடுவார்கள். எங்கள் பெண்களுக்கும் அதை உடைக்க மனசு வராது. ஸ்டெல்லா அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முருகனோ மாதாவோ, எது வந்தாலும் துடைத்துச் சுவரில் மாட்டிவிடுவார். உள்சுவரில் ஆணி அடிக்க இடமில்லாமல் போயிற்று.

தாமோதரன் சார் ஒருநாள் நாற்றத்தை வீடியோ எடுக்க வந்தார். சுவரைப் பார்த்ததும் கால் தன்னால் செருப்பைக் கழற்றியது. பிறகு மூலை உடைந்த ஒரு முருகன் முன்னால் நின்றுவிட்டார். அவருடைய கிரகப்பிரவேசப் படமாம். தர்மசங்கடத்தில், குப்பைக்கூடத்தில் சாமியை மாட்டலாமா என்று எங்களையே கேட்டார். ஸ்டெல்லா அக்கா கோபப்படவில்லை: "நீங்க போட்டுட்றீங்க சார். எங்க கைல வந்து வுழுந்தத நாங்க எங்க போட்றது?"

அவர் வீடியோ எடுக்காமலே போனார்.

கூட்டம்

கிராம சபையில் அவர் எழுந்ததும் எங்கள் பெண்கள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார்கள். நாற்றம் அடிப்பது உண்மை என்றுதான் ஆரம்பித்தார். மழையில் நனைவதால்தான் நாற்றம், கூரை வந்தால் குறையும் என்றார். ஈரக் குப்பை அன்றன்றைக்கே உரக்குழிக்குப் போக வேண்டும், சுற்றுச்சுவரும் வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். அப்படியானால் மனு என்ன ஆயிற்று என்று அவருடைய ஆட்களே சத்தம் போட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கையெழுத்தை வாபஸ் வாங்கலை. 'கூடாது'ன்னு இருக்கற இடத்துல 'கூரையோட'ன்னு மாத்திக்கறேன். அவ்வளவுதான்."

கூரை வேண்டும் என்று கை தூக்கியவர்கள்தான் அதிகம். இந்த மழைக்கு எங்கள் பெண்கள் தலை நனையாமல் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்த மனுஷரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். காற்று திரும்பினால் இன்றைக்கும் போன் போட்டுச் சத்தம் போடுகிறார்.

திட்டும் நல்ல மனசும் எங்களுக்கு ஒரே பையில்தான் வந்து சேர்கின்றன. பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் இந்தத் தொழிலில் பிழைத்துக்கொள்ளலாம்.