கடல் சாமந்திக்குப் பஞ்சரா?

வேலைக்குப் போகிற வழியில் என் பைக்கின் பின்சக்கரம் காற்றை விட்டதால்தான் காத்தண்ணனைத் தெரியும். பஞ்சர் கடைக்காரர். தெருவே அவரைக் காத்து என்றுதான் கூப்பிடும். சின்னவர்கள் மட்டும் ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வோம். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே, "என்ன படிச்சிருக்க தம்பி?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். கேட்காதவர்களுக்கே சொல்வேன், கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பேனா? "பி.எஸ்சி. விலங்கியல்."

டியூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "உள்ள வா. ஒரு உசுரைப் பாக்கணும்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. முன்னறையில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். அவர் மனைவி வளர்ப்பவை. "பெரியவன், சின்னவன்" என்று அறிமுகப்படுத்தினார் அந்த அக்கா. அந்த இனத்தில் பெரியது பெண். நான் சொல்லவில்லை.

இந்த மீன் பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டுமென்று அண்ணன் கடல் சாமந்தி ஒன்றை வாங்கி வந்திருந்தார். பூப்போல இருந்தாலும் அது பிராணி. அடிப்பாகத்தால் பாறையைக் கவ்விக்கொண்டு, நடுவில் வாயும் சுற்றிலும் விரல்களுமாக விரிந்திருக்கும். கோமாளி மீன்கள் அதற்குள்தான் குடியிருக்கும். இதுவோ நனைந்த கையுறை போலச் சுருண்டு கிடந்தது. மீன்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

"வாங்கினப்ப நல்லா உப்பியிருந்துச்சு தம்பி. இப்ப பாரு, காத்துப் போயிருச்சு. எங்கயோ லீக்கு."

"லீக்காவது மண்ணாவது," என்றார் அக்கா. "இது செத்தா தண்ணியே விஷமாயிடுமாம், வித்தவனே சொன்னான். எம்புள்ளைங்க ரெண்டும் போயிடும். தூக்கி வெளிய போடுங்கன்னா கேக்குறாரா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதுவரை பார்த்திருந்த ஒரே கடல் சாமந்தி கல்லூரியில் ஃபார்மலின் ஜாடிக்குள் இருந்தது. அதன் உடல்நிலையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் படித்தது படித்ததுதான். குனிந்து பார்த்தேன். வாய் பிளந்து தொங்கவில்லை, இறுக மூடியிருந்தது. அடிப்பாகம் பாறையை விடவில்லை. நிறம் வெளுக்கவில்லை. தண்ணீரை முகர்ந்தும் பார்த்தேன். அழுகல் வாடை இல்லை.

"சாகலக்கா. உள்ள இருக்குற தண்ணிய விட்டுட்டுச் சுருங்கும். மறுபடி உப்பிக்கும்."

"எப்ப?"

அதைப் பரீட்சையில் கேட்கவில்லை.

அதற்குள் அண்ணன் ரப்பர் பசை மணக்கும் கையை உள்ளே விட்டு, கட்டைவிரலால் அதை ஓர் அழுத்து அழுத்தினார். அது இன்னும் சுருங்கியது. "பாத்தியா? காத்தே நிக்கல."

"அண்ணே, இப்படி எத்தனை தடவ அமுக்குவீங்க?"

"ஒரு வண்டி முடிஞ்சா ஒரு தடவ."

கடையில் நல்ல வியாபாரம்.

அக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "தலகாணிய அமுக்குறீங்க, பப்பாளிய அமுக்குறீங்க, அடுத்த வீட்டுக் குழந்தை கன்னத்தயும் அமுக்குனீங்க. இதையும் விட்டுவைக்கலயா?"

"காத்து இருக்கான்னு வேற எப்படிப் பாக்குறது?"

"கண்ணால."

தீர்ப்பையும் அக்காவே சொன்னார். கடை மூடும்வரை பொறுப்பது. அதுவரை யார் கையும் உள்ளே போகக் கூடாது. விரியவில்லையென்றால் வெளியே. சொல்லிவிட்டு, தொட்டி மூடியின்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். நான் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது என் டியூப் காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அண்ணன் தொட்டி முன்னால் ஸ்டூலில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே கடல் சாமந்தி முழுதாக விரிந்திருந்தது. பெரியவன் அதற்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்தான். சின்னவன் வாசலில் முறைக்குக் காத்திருந்தான்.

"உப்பிருச்சு," என்றார் அண்ணன், ஏமாந்துபோனவர் குரலில். "நான் ஒண்ணுமே பண்ணலயே தம்பி."

"அதனாலதான்," என்றார் அக்கா. இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை.

கடை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கடல் சாமந்தி தானாகவே நகர்ந்து, கைக்கெட்டாத பின்மூலைப் பாறைக்குக் குடிபோய்விட்டது. மீன்கள் இரண்டும் அதோடு இருக்கின்றன. ஒரு வண்டி முடிந்ததும் அண்ணன் உள்ளே வந்து, தொட்டிக் கண்ணாடியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போகிறார். அக்கா அந்த விரல் தடத்தைத் துடைத்துவிடுகிறார்.